தட்டு வைக்காத விளக்கு

கத்தரிச் செடிக்குப் பூச்சி பிடிக்கத் தண்ணீர்த் தட்டில் விளக்கு வைக்க எனக்குப் பயம். என் மகன் தவழத் தொடங்கிவிட்டான். தண்ணீர் நிறைந்த தட்டைக் கண்டால் அதில் முகத்தை வைக்கப் பார்க்கிறான். அதனால் காலையில் பனி காய்வதற்குள் சாம்பல் தூவுவதோடும், அவ்வப்போது வேப்பங்கொட்டைத் தண்ணீர் தெளிப்பதோடும் நிறுத்திக்கொள்கிறேன். அது போதுமா, போதாதா என்று தினமும் ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்க்கிறேன். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. சுரங்கத்துக்கு எலெக்ட்ரிக் வந்துவிட்டது, ஊரில் உள்ள பூச்சியெல்லாம் ஆள் இறங்கும் ஷாப்ட் விளக்குக்கே போய்விடும், உன் கத்தரிக்காயை எது தேடிக்கொண்டு வரப்போகிறது என்கிறார். நானும் சிரித்துவைக்கிறேன். ஆனால் பொழுது சாய்கிற நேரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்தின் கடைசி மூலைவரை போக எனக்கு இன்னும் கால் வருவதில்லை. அது ஏன் என்று அவருக்கு இதுவரை சொன்னதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். தங்கச் சுரங்கத்துப் பக்கம், ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தட்டி லைனில் குடியிருந்தோம். மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரே வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் யாராவது இருமினால் நான்காவது வீட்டில் தண்ணீர் எடுக்க எழுந்திருப்பார்கள். எங்கள் வீடு வரிசையில் கடைசி என்பதால் பின்னால் கொஞ்சம் செம்மண் நிலம் எங்களுக்கு மட்டும் கிடைத்தது. நைனா அதைக் கொத்திக் கத்தரியும் அவரையும் பூசணியும் போட்டிருந்தார். குளித்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகும்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் சுரங்கத்தில் பாறை சரிந்தது. நைனா மேலே வரவில்லை. உடம்பைக் கொண்டுவரவும் முடியவில்லை. நைனாவின் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர்தான் கடைசியாக, ஆளை ஏற்றி இறக்கும் கூண்டில் ஏறி வந்தவர். உள்ளே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்ததாகவும் பதில் குரல் ஒன்றும் வரவில்லை என்றும் அவர் சொன்னார். அதன் பிறகு, இன்னும் பாறை விழும் என்று அந்த இடத்தை மரம் வைத்து அடைத்துவிட்டார்கள்.

லைன் வீடு என்பது சுரங்கத்தில் இறங்குகிறவனுக்கு. நைனா போன பிறகு நாங்கள் அங்கே இருக்க ஒரு நியாயமும் இல்லை. சொந்த ஊரான குடியாத்தம் பக்கத்திலும் எங்களுக்கென்று ஒரு குடிசைகூட மிஞ்சியிருக்கவில்லை. அம்மாவின் தம்பியான என் மாமா சுரங்கத்துக் கல்லை அரைக்கும் மில்லில் வேறொரு மேஸ்திரியின் கீழ் வேலை பார்த்தார்; தனியாள்கள் நிறையப் பேர் சேர்ந்து தங்கும் கொட்டகையில் அவருக்கு ஒரு பாய் விரிக்கும் இடம், அவ்வளவுதான். அம்மா மேஸ்திரியிடம் போய் நின்றாள். ஊரிலிருந்து தனியாக வந்திருக்கும் ஆட்களுக்கு வேளாவேளைக்குச் சோறு ஆக்கிப் போட்டால் வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று அவர் சொன்னார். ஆக, அம்மாவின் குழம்புதான் எங்கள் கூரை. அந்தக் குழம்பு முழுக்க முழுக்கத் தோட்டத்தை நம்பியிருந்தது.

அம்மா பூச்சிகளோடு செய்த சண்டை அதனால்தான் அவ்வளவு மூர்க்கமாக இருந்தது. விடிவதற்குச் சற்று முன்னால் பழைய துணிப்பையில் அடுப்புச் சாம்பலை நிரப்பிக்கொண்டு, செடி செடியாகப் பையைத் தட்டிக்கொண்டே போவாள். இலையில் பனி இருக்கும்போது தட்டினால்தான் சாம்பல் ஒட்டும், அவரையில் பேன் பிடிக்காது. எழுந்து வந்து பார்த்தால் ஒரு சாம்பல் மேகம் நகர்ந்துகொண்டிருக்கும், அதற்குள் அம்மாவின் கை மட்டும் தெரியும். கத்தரியில் வாடித் தொங்கும் கொழுந்து இருந்தால் அதற்குள் புழு இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கிள்ளி அடுப்பில் போட வேண்டும். அது என் வேலை.

புழுவைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் போதாது, முட்டை வைக்க வருகிற பூச்சியையே பிடிக்க வேண்டும் என்று அம்மா சொல்வாள். அதற்குத்தான் விளக்கு. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நாலு சொட்டு விளக்கெண்ணெய் விடுவாள். தட்டின் நடுவில் ஒரு கல், கல்லின் மேல் தோட்டத்துச் செம்மண்ணைப் பிசைந்து பிடித்த உருண்டை, அதில் செருகிய மெழுகுவர்த்தித் துண்டு. சாப்பிட வருகிறவர்கள் சுரங்கத்தில் எரித்து மிஞ்சிய துண்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பொழுது சாயும்போது செடிகளுக்கு நடுவே அங்கங்கே ஏற்றி வைத்தால், காலையில் தட்டு நிறையப் பூச்சி மிதக்கும். கோழிகளுக்குக் கொண்டாட்டம்.

பூசணிப் பந்தலுக்கு அந்தப் பக்கம், வேலி மூலையில், கையகலக் கல் ஒன்றின் மேலும் ஒரு விளக்கு எரியும். அதற்கு மட்டும் தட்டு கிடையாது.

இதில் பயப்பட ஒன்றும் இல்லை என்று இந்த ஊரில் இல்லாதவர்கள் நினைக்கலாம். எங்கள் ஆட்களுக்கு அப்படி இல்லை. கீழே பாறையில் களிமண்ணை அப்பி அதில் மெழுகுவர்த்தியைச் செருகித்தான் வேலை செய்வார்கள். ஒருவன் செத்துப்போனால் அவன் விழுந்த இடத்தில், தரையோடு தரையாக, அதே மாதிரி ஒன்றை ஏற்றி வைப்பார்கள். அதை யாரும் ஊதக்கூடாது. தானாக எரிந்து அணைகிறவரை அந்தப் பக்கம் யாரும் கடப்பாரை தூக்கமாட்டார்கள். சாயங்கால ஷிப்டுக்குப் போகிறவர்கள் எங்கள் தோட்டத்து வேலியை ஒட்டித்தான் போக வேண்டும். நைனாவைப் பறிகொடுத்த வீட்டின் பின்னால், தரையோடு தரையாக, மண்ணில் செருகிய மெழுகுவர்த்திகள் வரிசையாக எரிவதை அவர்கள் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர்களில் மூன்று ஆள் சோற்றை ஒருவனாக முடிக்கும் ஒரு அண்ணன் இருந்தார். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அக்கா, பின்னாடி இன்னாத்துக்கு அத்தினி வெளக்கு?"

"பூச்சி வர்றதுக்கு."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "பூச்சி மட்டுந்தான் வருதா?"

அம்மா குழம்பை ஊற்றினாள். அவர் பாதியில் கை கழுவிக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. அவருக்குப் பசி எடுக்காத அளவுக்குப் பயம் என்றால் அது எவ்வளவு பெரிய பயம் என்று நாங்கள் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அந்த வாரமே ஒருவனுக்குக் கூண்டுக் கதவில் விரல் நசுங்கியது. பக்கத்து வீட்டு அத்தை, விளக்கு ஏற்றும்போது அம்மாவின் உதடு அசைந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகத் தண்ணீர்த் தொட்டியடியில் சொன்னாள். நான் குடத்தோடு பின்னால் நிற்பது தெரிந்துதான் சொன்னாள்.

"செத்தவன கூப்ட்டுக்கினு கீறா. அவன் தனியாவா வருவான்? தொணைக்கு ஆள் இட்டுக்கினுதான் வருவான், போவான்."

அம்மாவின் உதடு அசைந்தது உண்மைதான். நானும் பார்த்திருக்கிறேன். எண்ணெய்ச் சொட்டுகளை எண்ணுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா விளக்குகளை ஏற்றி முடித்த நேரத்தில் மேஸ்திரி வந்தார். எங்கள் வாசலில் பாதியாக மடங்கித்தான் நுழைய முடியும், அவ்வளவு உயரம். நைனா இருந்தபோது எங்கள் வீட்டில் எத்தனையோ முறை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அன்று உள்ளே வராமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராகத் தோட்டத்துக்கு வந்தார்.

"இத்த நிறுத்திடு தங்கச்சி. பசங்க பயப்படறானுங்க. ஷிப்டுக்கு எறங்க மாட்டன்றானுங்க."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேற்றைய பூச்சிகள் மிதந்த ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினாள். இந்தப் பூச்சி முட்டை வைக்கும், அது புழுவாகும், புழு காய்க்குள் போகும், காய் போனால் குழம்பு இல்லை, குழம்பு இல்லாவிட்டால் நீங்கள் கொடுத்த வீடு இல்லை என்று பாடம் ஒப்பிப்பது போல அடுக்கிச் சொன்னாள். மேஸ்திரி தலையை ஆட்டினார். ஆனால் அவர் கண் தட்டில் இல்லை.

"அந்த மூலையில கீறதுக்குத் தட்டு இல்லியே," என்றார்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். அதற்கு எனக்குப் பதில் தெரியும். வேலை அவசரத்தில் அம்மா ஒரு தட்டை மறந்துவிட்டாள், அதற்குப் போய் இவ்வளவு நேரம் நிற்கிறார்களே என்று இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்பதற்கு முன்பே பலகையைத் துடைத்து வைக்கிற பெண் நான். ஓடிப்போய் என் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து, தண்ணீர் ஊற்றி, எண்ணெய் விட்டு, சுடர் அணையாமல் அந்தக் கல்லை இரண்டு கையாலும் தூக்கித் தட்டின் நடுவில் வைத்தேன்.

"அம்மா மறந்துட்டாங்க, மேஸ்திரி மாமா."

இருவரும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நன்றாகச் செய்தாய் என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் மேஸ்திரி, என்னிடம் சொல்வது போல, தணிந்த குரலில் சொன்னார். "அமாவாசை வரிக்கும் பாக்கறேன். அப்பவும் வெளக்கு எரிஞ்சிதுன்னா வீட்ட காலி பண்ணிடணும். நான் இன்னா பண்றது, சொல்லு."

மறுநாள் காலையில் தட்டுகளை எடுக்கப் போனேன். எல்லாவற்றிலும் வழக்கம்போலப் பூச்சிகள். மூலைத் தட்டில் ஒன்றுகூட இல்லை. ஒரு கொசு, ஒரு சிறகு, ஒன்றும் இல்லை. எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் வானம் தெளிவாகத் தெரிந்தது. வேலியை ஒட்டிய இடத்தில் காற்று வேறு மாதிரி அடித்திருக்கலாம் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்போது அம்மாவிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் பார்க்காமலே, கழுவி வைத்துவிடு என்றாள்.

அன்றிலிருந்து அம்மா எந்த விளக்கையும் ஏற்றவில்லை. சாம்பலை இரட்டிப்பாகத் தட்டினாள். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துக் கசப்பு நாற்றத்தில் வீட்டையே மூழ்கடித்தாள். இருந்தும் கத்தரிக் கொழுந்துகள் மறுபடி தலை தொங்கத் தொடங்கின. காயை நறுக்கினால் உள்ளே கருப்பு வழி ஓடியிருக்கும். குழம்பு தண்ணீரானது. விளக்குக்குப் பயந்து போனவர்கள் போக மீதி இருந்தவர்களும் குழம்பைப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடினார்கள். அதோடு அம்மாவுக்குக் காய்ச்சலும் வந்து படுத்துவிட்டாள்.

படுத்த இடத்திலிருந்தே, வாடின கொழுந்துகளைப் பொழுதோடு கிள்ளிவிடு என்று எனக்குச் சொன்னாள். நான் வரிசையாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டே பந்தல்வரை போனேன். சுரங்கத்தில் சங்கு ஊதியது. நிமிர்ந்து பார்த்தபோது மூலையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யாரும் இல்லை. சுடர் ஆடாமல் நின்றது. கிட்டே போய்க் குந்திப் பார்த்தேன். தட்டு இல்லை. கல்லின் மேல் அப்பியிருந்த மண் எங்கள் தோட்டத்துச் செம்மண் இல்லை. சாம்பல் நிறக் களி, ஈரம் மினுங்கியது. நைனாவின் வேட்டி ஓரத்திலும் கால் நகத்திலும் ஒட்டிக்கொண்டு வரும் மண். கீழே மட்டும் கிடைக்கிற மண். அதில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. என் விரலை வைத்துப் பார்த்தேன். அந்தக் குழியில் அது காணாமல் போயிற்று.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். நீ ஏற்றினாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். குனிந்து அந்தக் களியில் ஒரு துளி கிள்ளி மோந்து பார்த்தாள். அவள் முகத்தில் பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்தது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

"ஊதிடாத," என்றாள். போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விளக்கை லைனே பார்த்திருந்தது. காலையில் பக்கத்து வீட்டு அத்தை வேலியருகே வந்து, உங்கம்மாதான் படுத்துக் கிடக்கிறாளே, யார் ஏற்றியது என்று கேட்டாள். நைனா என்றேன். அவள் கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தட்டிக் கதவைக் கட்டினாள். அதன் பிறகு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட யாருமே வரவில்லை. மாமா வந்து பாத்திரங்களை ஒரு சாக்கில் போட்டுக் கட்ட ஆரம்பித்தார். எங்கே போவது என்று அம்மா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு வழி தோன்றியது. நைனாதான் வருகிறார் என்றால் அவரிடமே சொல்லிவிடலாம். மேஸ்திரியோடு ஒரே கூண்டில் இறங்கினவர். நைனா சொன்னால் மேஸ்திரி கேட்பார். அமாவாசையன்று பொழுது இறங்குவதற்கு முன்பே பூசணிப் பந்தலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். இலைகளில் சாம்பல் வாசம். கையில் சுணை குத்தியது. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், வேலியும் வானமும் ஒரே நிறமாகிற சமயத்தில், வேலிக்கு வெளியே ஒன்று குந்தியது. தலையிலிருந்து கம்பளி போர்த்திய உருவம். வேலி இடுக்கு வழியாக ஒரு கை உள்ளே வந்தது. கல்லின் மேல் களியை வைத்து அழுத்தியது. மெழுகுவர்த்தியைச் செருகியது. தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது பற்றியது. வெளிச்சத்தில் கை மட்டும்தான் தெரிந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. இன்று நினைத்தால்தான் வருகிறது.

"நைனா," என்றேன். "மேஸ்திரி நம்ம வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாரு. நீ அவருகிட்ட சொல்லு நைனா. எங்களுக்கு எடம் இல்ல."

கை அப்படியே நின்றது. கம்பளிக்குள் மூச்சு மட்டும் கேட்டது. நைனா குடித்துவிட்டு வரும் நாட்களில் இப்படித்தான் வேலிக்கு வெளியே குந்திக்கொண்டு உள்ளே வரமாட்டார். அம்மாவின் சத்தம் அடங்கிய பிறகு நான் போய்ச் சொல்ல வேண்டும். எப்போதும் சொல்லும் அதையே சொன்னேன்.

"அம்மாவுக்குக் கோவம் இல்ல நைனா. உள்ள வா."

துணியைக் கடித்துக்கொண்டு யாரோ அழுகையை அடக்குவது போல ஒரு சத்தம் வந்தது. கம்பளித் தலை முழங்காலில் போய்ப் படிந்தது. பிறகு உருவம் எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது, வேலிக்கு மேலே வெகு உயரம் போயிற்று. நைனா அவ்வளவு உயரம் இல்லை. கீழேயே இருந்து வளர்ந்துவிட்டார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே வராமலே போய்விட்டார்.

மறுநாள் சாக்குமூட்டைகள் வாசலில் இருந்தபோது மேஸ்திரி வந்தார். என்னைப் பாப்பா என்று கூப்பிடாமல் இருக்கமாட்டார். அன்று என் பக்கமே திரும்பவில்லை. லைனில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிக் குரலை உயர்த்தி, அது பூச்சிக்கு வைக்கிற விளக்கு, இதற்குப் பயப்படுகிறவன் நாளைக்குத் தன் நிழலுக்கும் பயப்படுவான் என்றார். பிறகு வாசற்படியில் நின்றிருந்த அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"வெளக்க வெச்சிக்கோ தங்கச்சி. வீட்டுலயே இரு. நான் இருக்கற வரிக்கும் யாரும் ஒண்ணியும் கேக்க மாட்டாங்க."

"மூலைக்கும் சேத்தா அண்ணே?" என்று அம்மா கேட்டாள்.

"அதுக்கும் சேத்துத்தான்," என்றார்.

நைனா சொல்லியிருக்கிறார், மேஸ்திரி கேட்டிருக்கிறார். எனக்கு ஒரே பெருமை. ஆனால் பந்தலுக்குள் உட்கார்ந்து பேசியதை அம்மாவிடம் சொல்லவில்லை. இருட்டுகிற நேரத்தில் வெளியே போனதற்குத் திட்டுவாளோ என்று தோன்றியது.

என் கல்யாணத்துக்குப் பிறகுதான், ஏதோ பேச்சுவாக்கில், மாமா அதைச் சொன்னார். அந்த அமாவாசையன்று மில்லிலிருந்து திரும்பும்போது, மேஸ்திரி எங்கள் வேலியோரத்திலிருந்து கம்பளியோடு எழுந்து போவதைப் பார்த்தாராம். பின்னொரு நாள் சாராயக் கடையில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி, அன்றைக்குக் கீழே குரல் கேட்டதா கேட்கவில்லையா என்று தனக்கே இப்போது தெரியவில்லை என்று சொன்னாராம். அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். நான் சொல்லவில்லை, ஆனால் உங்கம்மாவுக்கு யாராவது சொல்லித்தானா தெரிய வேண்டும் என்றார் மாமா.

அம்மாவுக்குக் கோபம் இல்லை என்று அவள் பெயரால் நான் சொன்னேன். அதைச் சொல்லும்படி அவள் என்னை அனுப்பவில்லை. சொன்னது சரியா, தப்பா என்று குழந்தை தூங்குகிற நேரங்களில் யோசித்துப் பார்க்கிறேன்.

அந்த வருஷம் கத்தரி காய்த்தது போல அதற்கு முன்னும் பின்னும் காய்க்கவில்லை. ஒவ்வொரு காயும் கண்ணாடி போல மினுமினுவென்று, நறுக்கினால் உள்ளே வெள்ளை வெளேரென்று, ஒரு புழு இல்லை. சாப்பாட்டு ஆட்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அந்த மூன்று ஆள் சோற்று அண்ணனும் வந்தார். குழம்புக்குப் போக மிஞ்சியதை அம்மா கூடையில் போட்டு என்னிடம் கொடுத்து வீடு வீடாகக் கொடுத்துவரச் சொல்வாள். அவளைப் பற்றி அத்தனை பேசிய பக்கத்து வீட்டு அத்தைக்குத்தான் முதல் பங்கு, அதுவும் நல்ல காயாகப் பார்த்து. அங்கிருந்து லைனின் மறுகோடி வரை. அந்தக் கோடியில் இருந்த மேஸ்திரி வீட்டைத் தாண்டித்தான் நான் திரும்ப வேண்டும். அவர் சில நாள் வாசலில் நின்றிருப்பார், கூடையைப் பார்ப்பார். ஒரு நாளும் அந்த வீட்டுக்கு அம்மா ஒரு காய் கொடுத்தனுப்பியதில்லை. மேஸ்திரி வீட்டில் கத்தரிக்காய் சாப்பிடமாட்டார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டு, காலிக் கூடையை ஆட்டிக்கொண்டே நான் வீட்டுக்கு ஓடிவருவேன்.